அலைத்தொட்டியில் முதல் மாதிரி: கடலலை ஆற்றல் ஆராய்ச்சிக்குள் நுழைபவர்களுக்கு

கடலலையிலிருந்து ஆற்றல் எடுக்கும் கருவிக்கு முதல் காப்புரிமை 1799-இல் பாரிஸில் பதிவானது. அன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. எனவே இந்தத் துறைக்குப் புதிய வடிவங்கள் அவசரத் தேவையில்லை. ஒரு மாதிரிக்குள் எத்தனை வாட் அலை வந்தது, அதில் எத்தனை வாட் பிடிபட்டது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லக்கூடிய ஆட்கள்தாம் தேவை. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. எடுத்துக்காட்டாக அலைவுறு நீர்த்தம்பக் கருவி ஒன்றை 1:25 அளவில் செய்து, 1 மீட்டர் ஆழத் தொட்டியில் சோதிக்கும் முறையைச் சொல்கிறோம். கடைசிப் பகுதியில் ஓத நீரோட்ட (கடல் ஏற்றவற்றத்தால் ஓடும் நீரில் சுழலும்) டர்பைனுக்கு எது மாறும் என்பதும் வரும்.

நீர்த்தம்பக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் எளிமை. அடியில் திறந்த ஒரு பெட்டியைக் கடலில் நிறுத்துங்கள். அலை வரும்போது உள்ளே நீர்மட்டம் ஏறி இறங்குகிறது; மேலே அடைபட்ட காற்று ஒரு துளை வழியே வெளியேறி மீண்டும் உள்ளே வருகிறது. துளையில் டர்பைன் இருக்கிறது. நீருக்குள் நகரும் உறுப்பு எதுவும் கிடையாது. விழிஞ்ஞத்தில் 1991-இல் 150 கிலோவாட் அளவில் இயங்கத் தொடங்கியதும், ஸ்பெயினின் முத்ரிகு அலைத்தடுப்புச் சுவரில் 2011 முதல் 16 அறைகளோடு இயங்கிவருவதும் இந்த வகைதான். தொட்டி மாதிரிக்கு அக்ரிலிக் தகடும் பசையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அளவுகோலை முதலில் முடிவு செய்யுங்கள்

அலைகளை ஆள்வது ஈர்ப்பு விசை. அதனால் ஈர்ப்பு விசைக்கும் நீரின் நிலைமத்துக்கும் உள்ள விகிதத்தை மாறாமல் காக்கும் ஃபிரௌட் விதிப்படிதான் சுருக்க வேண்டும். நீளம் 25-இல் ஒரு பங்கானால் நேரம் அதன் வர்க்கமூலப்படி, அதாவது 5-இல் ஒரு பங்காகும். அழுத்தம் 25-இல் ஒரு பங்கு. விசை 25-இன் மும்மடிப்படி, 15,625-இல் ஒரு பங்கு. திறன் 25-இன் மூன்றரை மடிப்படி, 78,125-இல் ஒரு பங்கு. கடைசி எண்ணை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கடலில் 100 கிலோவாட் என்பது உங்கள் தொட்டியில் 1.3 வாட்தான். கைபேசி சார்ஜர் தருவதைவிடக் குறைவான அந்தத் திறனைத்தான் நீங்கள் அளக்கப் போகிறீர்கள். மாதிரியில் குட்டி ஜெனரேட்டர் பொருத்தி விளக்கு எரியவிட்டுப் பார்க்க ஆசை வரும்; வேண்டாம். அந்த அளவில் தாங்கி உராய்வே திறன் முழுவதையும் விழுங்கிவிடும். டர்பைனுக்குப் பதில் ஒரு துளைத்தகடு வைத்து, காற்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்தால் போதும்.

கடலில் 8 விநாடி அலைக்காலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள அலை, தொட்டியில் 1.6 விநாடியும் 8 செ.மீ. உயரமும் ஆகிறது. ஆழ்கடல் சூத்திரப்படி அதன் அலைநீளம் 4 மீட்டர். ஆனால் ஆழம் அலைநீளத்தில் பாதிக்குமேல் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். உங்கள் தொட்டி 1 மீட்டர் ஆழந்தான். ஆழத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் அலைநீளம் 3.73 மீட்டர், அலையின் ஆற்றல் நகரும் வேகம் விநாடிக்கு 1.44 மீட்டர். இது நுணுக்கம் பார்ப்பதற்காகச் சொல்வதல்ல. அலை கொண்டுவரும் திறன், நீரின் அடர்த்தியையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் இந்த வேகத்தையும் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வருவது. சரியான வேகத்தை இட்டால் மீட்டர் அகலத்துக்கு 11.3 வாட், ஆழ்கடல் வேகத்தை இட்டால் 9.8 வாட். அந்தத் தவறு ஒன்றே உங்கள் கருவியின் செயல்திறனை 15 சதவீதம் உயர்த்திக் காட்டிவிடும்.

பெட்டி

கடலில் 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம் உள்ள அறை, மாதிரியில் 40 செ.மீ. × 32 செ.மீ. நீர்ப்பரப்பு 0.128 சதுர மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் 20 செ.மீ. காற்று இடைவெளி விடுங்கள். முன்சுவரின் உதடு நீருக்குள் 14 செ.மீ. இறங்கட்டும், பின்சுவரும் பக்கச் சுவர்களும் தொட்டித் தரைவரை போகட்டும். 10 மி.மீ. அக்ரிலிக் எடுங்கள். 5 மி.மீ. தகட்டில் மேல்மூடி மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். அந்த அசைவில் போகும் காற்று உங்கள் கணக்கில் வராது. உதட்டின் கீழ்விளிம்பைக் கூராக விடாமல், தகட்டுத் தடிமனைப் பாதியாகக் கொண்ட ஆரத்தில் உருட்டித் தேயுங்கள். கூர்விளிம்பில் சுழல்கள் கிளம்பி ஆற்றலைத் தின்னும், அந்த இழப்பு சிறு மாதிரியில் மிகையாகத் தெரியும்.

உதட்டின் ஆழம் கருவியின் தன்மையையே தீர்மானிப்பது. உள்ளே இருக்கும் நீர், ஊசல் போலத் தனக்கென ஓர் அலைவுக்காலம் கொண்டது. அலையின் காலம் அதோடு பொருந்தும்போது ஒத்ததிர்வு நேர்ந்து நீர்மட்டம் ஓங்கி எழும். தோராயக் கணக்கு இப்படி: உதட்டின் ஆழத்தோடு நீர்ப்பரப்பின் வர்க்கமூலத்தில் 0.41 பங்கைக் கூட்டுங்கள். இங்கே 14-உம் ஏறக்குறைய 15-உம் சேர்ந்து 29 செ.மீ. அந்த நீளமுள்ள ஊசலின் காலம் 1.1 விநாடி, கடலளவில் ஐந்தரை விநாடி. நீங்கள் குறிவைக்கும் கடலில் 8 விநாடி அலைகள் மிகுதி என்றால் இது குறைவு. சரி, உதட்டை ஆழமாக்கலாமே என்றால், ஆழமான உதடு குறுகிய அலைகளை உள்ளே விடாமல் திருப்பியனுப்பும். பின்சுவர் தரைவரை இறங்கும் இந்த வடிவில் மேற்சொன்ன கணக்கு வழிகாட்டி மட்டுமே. உண்மைக் காலத்தைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். ஆகவே உதட்டைத் திருகாணியால் ஏற்றி இறக்கக்கூடியதாகச் செய்துவையுங்கள். 10, 14, 20 செ.மீ. என மூன்று நிலைகள் போதும்.

துளைத்தகடுகள் நான்கு வேண்டும். துளையின் பரப்பு நீர்ப்பரப்பில் 0.5, 1, 1.5, 2 சதவீதம்; விட்டம் முறையே 28.5, 40.4, 49.4, 57.1 மி.மீ. 3 மி.மீ. அலுமினியத்தில் கடைசல் எந்திரத்தில் வெட்டுங்கள். காற்று இரு திசையிலும் போகிறது என்பதால் இரு பக்கமும் செங்குத்து விளிம்பாகவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தேய்த்தால் உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் வெவ்வேறு விதியில் ஓடும். துளையைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது அழுத்தம் ஓட்டத்தின் வர்க்கப்படி ஏறும் இம்பல்ஸ் டர்பைனைத்தான் ஒத்திருக்கும். வெல்ஸ் டர்பைனில் (காற்று எந்தத் திசையில் போனாலும் ஒரே பக்கம் சுழலும் இன்னொரு வகை) அழுத்தமும் ஓட்டமும் நேர்விகிதம். அதைப் போலச் செய்ய வேண்டுமானால் துளைக்குப் பதில் அடர்ந்த நார்விரிப்பு அல்லது பலமடி வலையை வைக்க வேண்டும். ஈரமானால் அதன் தடை மாறிவிடும் என்பதால் தொடக்கத்துக்குத் துளையே நல்லது.

பெட்டியைத் தொட்டியின் மேற்சட்டத்தோடு இறுக்கிப் பிணையுங்கள். கையால் தள்ளினால் 1 மி.மீ. கூட அசையக் கூடாது.

அளவிகள்

புதியவர்கள் பணத்தையும் நாள்களையும் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். அறைக்குள் அழுத்தம் சில நூறு பாஸ்கல்தான். உள்நீர்மட்டம் 3 செ.மீ. வீச்சில் 1.6 விநாடிக்கு ஒருமுறை அலைந்தால், 40.4 மி.மீ. துளையில் காற்று விநாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் பாய்ந்து உச்ச அழுத்தம் 217 பாஸ்கல் வரும். ஆகவே கூட்டல்-கழித்தல் 500 அல்லது 1,000 பாஸ்கல் வரம்புள்ள வேறுபாட்டு அழுத்த சென்சார் வாங்குங்கள். 100 கிலோபாஸ்கல் சென்சார் மலிவாகக் கிடைக்கும். அதன் பிழையே உங்கள் அளவைவிடப் பெரியது. சென்சாரைத் துளையைவிட உயரத்தில் பொருத்துங்கள், இணைக்கும் குழாய் 30 செ.மீ.-க்கு மிகாமல் இருக்கட்டும். தாழ்ந்து தொங்கும் குழாயில் ஒரு சொட்டு நீர் அடைந்தாலும் அந்தச் சோதனை ஓட்டம் முழுவதும் வீண்.

நீர்மட்டத்துக்கு இரட்டைக் கம்பி மின்தடை அலைமானிகள் ஆறு: வெளியே மூன்று, அறைக்குள் இரண்டு, ஒன்று கைவசம். அறைக்குள் ஒன்று மட்டும் வைத்தால், நீர் முன்னும் பின்னும் சாயும் ஆட்டத்தை ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொள்வீர்கள். 32 செ.மீ. நீள அறையில் அந்த ஆட்டத்தின் காலம் 0.64 விநாடி. 1.2 விநாடிச் செங்குத்து அலையின் (நீளத்துக்கு உயரம் மிகுந்த அலையின்) இரண்டாம் இசைவே, அதாவது பாதிக் காலத்தில் அதிரும் கூறே, அதைக் கிளப்பப் போதும். முன்னொன்றும் பின்னொன்றும் சமதூரத்தில் வைத்துச் சராசரி எடுங்கள்.

இந்த மானிகளைத் தினமும் காலையில் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். நீரின் மின்கடத்துதிறன் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். பிற்பகலுக்குள் தண்ணீர் 2 பாகை சூடேறினால் உயரத்தில் 4 சதவீதப் பிழை. திறன் உயரத்தின் வர்க்கம் என்பதால் அது 8 சதவீதமாகிவிடும். மானியை 2 செ.மீ. படிகளில் ஐந்து நிலைகளுக்கு ஏற்றி இறக்கி நேர்கோடு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் கம்பியில் எண்ணெய்ப் படலம்தான் காரணம். ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள்.

எல்லா அளவிகளும் ஒரே டேட்டா லாகரில், விநாடிக்கு 100 பதிவுகள். அழுத்தத்தை ஒரு கருவியிலும் நீர்மட்டத்தை வேறொன்றிலும் பதிந்து பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1.6 விநாடி அலையில் 0.1 விநாடி வழுவினால் 22.5 பாகை; ஒரே கட்டத்தில் இருக்க வேண்டிய இரண்டு அளவுகள் அவ்வளவு விலகினால் திறன் 8 சதவீதம் குறைந்து தெரியும்.

காலித் தொட்டியை அளங்கள்

மாதிரி தயாரானதும் அதைத் தண்ணீரில் இறக்கத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து பொறுங்கள். முதல் இரண்டு நாள் தொட்டி காலியாகவே இருக்கட்டும். மாதிரி நிற்கப்போகும் இடத்தில் ஓர் அலைமானியை நிறுத்தி, பயன்படுத்தப்போகும் ஒவ்வோர் அலையையும் ஓட்டிப் பதியுங்கள். உங்கள் செயல்திறன் கணக்கில் வகுக்கும் எண் இதுதான். மாதிரியை வைத்தபின் அதன் முன்னால் அளக்கும் உயரம் வந்த அலையும் திரும்பிய அலையும் கலந்தது. அதிலிருந்து வந்த அலையைப் பிரித்தெடுப்பது எப்போதும் கொஞ்சம் ஊகமே.

தொட்டியின் கடைக்கோடியில் இருக்கும் அலைத்தணிப்புக் கரையும் எல்லாவற்றையும் விழுங்காது. திரும்பும் அலையின் உயரம் வந்ததில் 10 சதவீதம் என்றால் ஆற்றலில் ஒரு சதவீதந்தானே என்று ஆறுதல் வரும். அது தவறான ஆறுதல். இரண்டும் கூடும் இடத்தில் உயரம் 10 சதவீதம் கூடுதல், விலக்கும் இடத்தில் 10 சதவீதம் குறைவு. மாதிரி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத் திறனில் 20 சதவீதம் வரை மாறும். மான்சார்டும் ஃபங்க்கும் 1980-இல் தந்த மூன்று மானி முறையில் இதை அளக்கலாம். முதல் மானிக்கும் இரண்டாவதுக்கும் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு, முதலுக்கும் மூன்றாவதுக்கும் நான்கில் ஒரு பங்கு இடைவெளி. நம் அலைக்கு அது 37 செ.மீ., 93 செ.மீ. உயரத்தில் 5 சதவீதத்துக்குமேல் திரும்பினால் கரையின் சரிவைக் குறையுங்கள், அல்லது துளைநுரைப் பாளங்களை அடுக்குங்கள்.

அடுத்தது நேரக்கணக்கு. மாதிரியில் மோதித் திரும்பும் அலை, அலையாக்கித் தகட்டில் மீண்டும் மோதி வரும். இடையே 10 மீட்டர் இருந்தால் போக வர 20 மீட்டர், விநாடிக்கு 1.44 மீட்டரில் 14 விநாடி, அதாவது எட்டரை அலைகள். முதல் இரண்டு மூன்று அலைகள் வளர்ந்துவரும் அலைகள் என்பதால் கழித்துவிட்டால், நம்பத்தக்கவை ஐந்து. அலையாக்கியில் திரும்பலை உறிஞ்சும் கட்டுப்பாடு இல்லையென்றால் அந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோதனைகளின் வரிசை

மாதிரியை இறக்கியபின் முதல் வேலை காற்றுக்கசிவு பார்ப்பது. துளையை அடைத்து, குழாய் வழியே காற்றை உறிஞ்சி உள்நீர்மட்டத்தை 2 செ.மீ. உயர்த்துங்கள். ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் மூட்டுகளில் சோப்புநீர் தடவி, இம்முறை காற்றை உள்ளே ஊதிக் குமிழி தேடுங்கள். 1 மி.மீ. இடுக்கு 10 செ.மீ. நீளத்துக்கு இருந்தாலே பரப்பு ஒரு சதுர செ.மீ.; உங்கள் சிறிய துளையின் பரப்பே 6.4 சதுர செ.மீ.தான்.

பிறகு தன்னலைவு. மேல்மூடியைக் கழற்றி, அகன்ற பலகையால் உள்நீரை அழுத்தி விடுவியுங்கள். அடுத்தடுத்த உச்சங்களுக்கு இடையிலான நேரம் உண்மையான ஒத்ததிர்வுக் காலம். தோராயக் கணக்கின் 1.1 விநாடியிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சீரான அலைகளுக்கு 1.0 முதல் 2.4 விநாடி வரை 0.2 படிகளில் எட்டுக் காலங்கள், 4-உம் 8-உம் செ.மீ. உயரங்கள், நான்கு துளைகள்: மொத்தம் 64 ஓட்டங்கள். 1.0 விநாடிக்கு 8 செ.மீ. உயரத்தை விட்டுவிடலாம். 1.56 மீட்டர் அலைநீளத்துக்கு அது மிகவும் செங்குத்து. நேரியல் கோட்பாட்டோடு ஒப்பிட முடியாது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் தண்ணீர் அடங்க ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். ஓட்டம் தொடங்குமுன் 30 விநாடி அமைதி நீரைப் பதிந்து, அதையே அழுத்த சென்சாரின் சுழியமாக எடுங்கள். இந்தக் காத்திருப்பைத் திருடினால் நாள் மிச்சமாகும், தரவு மிஞ்சாது.

ஒழுங்கற்ற அலைகளுக்கு ஜான்ஸ்வாப் நிறமாலையை (காற்றெழுப்பும் கடலலைகளில் எந்த அலைக்காலத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்று சொல்லும் வளைவு) பயன்படுத்துங்கள். கடலில் 30 நிமிடம் என்பது இங்கே 6 நிமிடம். சீரான அலையில் உச்சம் காட்டும் கருவி, கலப்பலையில் பாதியாக இறங்குவதும் உண்டு. கடலில் நடக்கப்போவது இரண்டாவதுதான் என்பதால் அந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள்.

திறனைக் கணக்கிடுதல்

உள்மானிகளின் சராசரி நீர்மட்டத்தை நேரத்தைப் பொறுத்து வகையிட்டு நீர்ப்பரப்பால் பெருக்கினால் காற்றோட்டம். அதை ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் அழுத்தத்தால் பெருக்கி, முழு எண்ணிக்கை அலைகளுக்குச் சராசரி எடுத்தால் திறன். வகையிடும்போது இரைச்சல் பெருகும். முன்னும் பின்னுமாக ஓடும் கட்டவிலகல் இல்லாத வடிகட்டியை 5 ஹெர்ட்ஸில் வைத்து, அழுத்தத்துக்கும் நீர்மட்டத்துக்கும் ஒரே மாதிரி இடுங்கள். ஒன்றுக்கு மட்டும் இட்டால் மேலே சொன்ன கட்டவிலகல் மறுபடி நுழையும்.

மேலே எடுத்த 3 செ.மீ. வீச்சு அலைவில் சராசரித் திறன் 1.39 வாட். வந்த திறன் மீட்டருக்கு 11.3 வாட்டை 0.4 மீட்டரால் பெருக்க 4.5 வாட். பிடிப்பு 31 சதவீதம். தொட்டியும் மாதிரியும் ஒரே அகலம் என்றால் இந்த எண் ஒருபோதும் 100-ஐத் தாண்டாது. தாண்டினால் அளவீட்டில் பிழையைத் தேடுங்கள். அகன்ற தொட்டியில் தாண்டலாம். கருவி தன் இருபுறமும் உள்ள அலையையும் தன்பக்கம் வளைத்து இழுக்கும், அது உண்மையான விளைவு. ஆனால் தொட்டியின் பக்கச்சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையும் அதே எண்ணைத் தரும். தொட்டி மாதிரியைவிட ஐந்து மடங்காவது அகலமாக இல்லாவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கடலளவுக்கு மாற்றும்போது

1.39 வாட்டை 78,125-ஆல் பெருக்கி, கடல்நீர் அடர்த்திக்காக 1.025-ஆலும் பெருக்கினால் 111 கிலோவாட். இது காற்றில் உள்ள திறன், மின்சாரம் அல்ல. டர்பைன், ஜெனரேட்டர் இழப்புகள் இனிமேல்தான் வரும். அறிக்கையில் "காற்றுத்திறன்" என்றே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் காற்றின் சுருங்குதன்மை. தொட்டியின் மேல் இருக்கும் வளிமண்டல அழுத்தத்தை 25-ஆல் வகுக்க முடியாது. அதனால் மாதிரிக் காற்று கடலில் உள்ளதைவிட மிகவும் விறைப்பாக நடந்துகொள்ளும். அந்த வில்தன்மை சரியாக வர வேண்டுமானால் காற்றின் கொள்ளளவை மும்மடிப்படி அல்லாமல் இருமடிப்படிச் சுருக்க வேண்டும். 400 கனமீட்டர் காற்றறை நம் பெட்டியில் 25.6 லிட்டர், வேண்டியதோ 640 லிட்டர். மேல்மூடியிலிருந்து அகலமான குழாய் இழுத்து வெளியே பெரிய பீப்பாய்களோடு இணைப்பதுதான் வழி. அப்போது காற்றோட்டத்தை நீர்மட்டத்திலிருந்து எடுத்தால் தவறாகும். துளைக்கெனத் தனியாக அளந்த ஓட்டக்கெழுவிலிருந்து (அழுத்தத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் எண்ணிலிருந்து) எடுக்க வேண்டும். முதல் மாதிரிக்குப் பீப்பாய் இல்லாமலே தொடங்கலாம், ஆனால் அந்த விடுபடலை முடிவுகளின் முதல் பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

அலை சுவரில் அறையும் தாக்கழுத்தமும் இதே காரணத்தால் நேராக மாறாது. சிக்கும் காற்று மெத்தையாகிவிடுவதால் ஃபிரௌட் கணக்கு மிகைப்படுத்தும். அதற்காகப் புயலலைச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. நார்வேயின் டாஃப்டெஸ்டாலனில் 1985-இல் நிறுவிய 500 கிலோவாட் கருவி 1988 புயலில் அழிந்தது. ஸ்காட்லாந்தின் ஆஸ்பிரே என்ற அலைக்கருவி 1995-இல் நிறுவும் வேளையிலேயே சிதைந்தது. விசையை அளக்கும் சோதனைக்குத் துளையை முழுதாக அடைத்த நிலையையும் முழுதாகத் திறந்த நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புயலில் வால்வு எந்த நிலையில் சிக்கிக்கொள்ளும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஓத நீரோட்ட டர்பைன் என்றால்

அங்கே சிக்கல்கள் வேறு. 50 செ.மீ. விட்டச் சுழலி, விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம்: நீரில் வரும் திறன் 98 வாட். அதில் 40 சதவீதம் பிடித்தால் 39 வாட். நுனிவேக விகிதம் (இறகு நுனியின் வேகம் நீரோட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 5 என்றால் நிமிடத்துக்கு 191 சுற்று, முறுக்குவிசை 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்றே குறைவு. தண்டின் நீர்க்கசிவுத் தடுப்பு வளையம் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். இறகுகளைக் கழற்றி, அதே வேகத்தில் வெறுந்தண்டைச் சுழற்றி அந்த இழப்பை முதலில் அளங்கள். முடிந்தால் முறுக்கு சென்சாரை வளையத்துக்கு உட்புறமாகவே வையுங்கள்.

2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள கால்வாயில் இந்தச் சுழலி 10 சதவீதக் குறுக்குப்பரப்பை அடைக்கும். நீர் விலகிப்போக இடமின்றிச் சுழலி வழியே நெருக்கப்படுவதால் திறன் மிகையாகத் தெரியும். திருத்தம் இடாமல் அந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். தடையற்ற ஓட்டத்தில் ஒரு சுழலி பிடிக்கக்கூடிய உச்சமான பெட்ஸ் எல்லையை, 59.3 சதவீதத்தை, தாண்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரெனால்ட்ஸ் எண்ணும் (ஓட்டத்தில் நிலைமத்துக்கும் பிசுக்குமைக்கும் உள்ள விகிதம்) கவனத்துக்குரியது: 4 செ.மீ. அகல இறகில் நம் கணக்குப்படி ஏறத்தாழ 1,45,000 வருகிறது. ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் இறகின் மேல் ஓட்டம் முன்கூட்டியே பிரிந்துவிடும், கடலில் அப்படி நடக்காது. ஓட்டத்தை மெதுவாக்கிச் சோதிப்பதைவிடச் சுழலியைப் பெரிதாக்குவது நல்லது என்று தோன்றும். பெரிதாக்கினால் அடைப்பு கூடும். பெரிய தொட்டிக்குப் போவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

எந்தக் கருவியானாலும் ஒரு பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். ஒரே ஓட்டத்தைத் தெரிந்தெடுத்து, நம் மாதிரிக்கு 1.6 விநாடி, 8 செ.மீ., 40.4 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்ளலாம், அதைத் தினமும் காலையில் முதல் ஓட்டமாகவும் மாலையில் கடைசி ஓட்டமாகவும் ஓட்டுங்கள். நீரின் வெப்பநிலை, நீர்மட்ட ஆழம், அளவுத்திருத்தக் கோப்பின் பெயர் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். திறன் முந்தைய நாளைவிட 5 சதவீதம் விலகினால் அன்றைய திட்டத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். முதலில் நீர்மட்டம், பிறகு அலைமானிக் கம்பி, பிறகு அழுத்தக் குழாயில் நீர்ச்சொட்டு, கடைசியாக மூட்டுக் கசிவு.